வீட்டு விஞ்ஞானம்: கடிகாரத்தின் கடைமடை

அடியோடு நின்றுபோன கைக்கடிகாரத்தினால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதை ஒருவரும் நம்புவதில்லை. பெட்டியில் போட்டுவிட்டு வேறு காரியம் பார்க்கிறார்கள். காலையில் சாவி கொடுத்ததும் உற்சாகமாகப் புறப்பட்டு, இரவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிற கடிகாரம் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. அது காட்டுவது நின்றுபோன நேரம் என்று அறியாமல், "மணி ஐந்தேகால்தானே, இன்னும் ஒரு காப்பி சாப்பிடலாம்" என்று உட்கார்ந்திருந்து, கும்பகோணம் போகும் வண்டியைத் தவறவிட்டவர்கள் நம் பக்கத்தில் அநேகர்.

இந்த வியாதியைப் பற்றித்தான் நேயர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேள்வியின் சாரம் இது: "தகப்பனார் கட்டியிருந்த எச்.எம்.டி. கடிகாரம் வீட்டில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு நாள் சாவி கொடுக்க மறந்தாலும் மறுநாள் பகல் முழுவதும் ஓடும். இப்போது பதினெட்டு மணி நேரம் ஓடினால் அதிகம். மெயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, வேறு போடவேண்டும் என்கிறார்கள். போடலாமா?"

போடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேள்வியைக் கேளாமல் ஸ்பிரிங்கை மாற்றுவதால் எத்தனையோ நல்ல கடிகாரங்கள் கெட்டுப்போயிருக்கின்றன.

இது சில்லறை விஷயம் அல்ல. ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் சர்க்கார் ஸ்தாபனம், ஜப்பானிய சிட்டிஸன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961-ம் ஆண்டில் பங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. அதுவரை கைக்கடிகாரம் என்றால் நமக்குப் பெரும்பாலும் ஸ்விட்ஸர்லாந்துச் சரக்குத்தான். ஜனதா, பைலட், ஸோனா, காஞ்சன் என்ற பெயர்களுடன் வந்த எச்.எம்.டி. கடிகாரங்கள், பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும், ஓய்வு பெறும் உபாத்தியாயருக்கும் பரிசாகிக் குடும்பச் சொத்தாகவே ஆகிவிட்டன. பிறகு பாட்டரியால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. ஜப்பானில் 1969-ல் ஸீக்கோ கம்பெனி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தப் புதுமை, 1984-ம் ஆண்டில் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கம்பெனியின் மூலம் நமது ஓசூரிலேயே வேரூன்றியது. எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடிவிடுவதென்று 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. ஆகையால் தகப்பனாரின் ஜனதாக் கடிகாரத்துக்கு அசல் உதிரி பாகம் கிடைப்பது வரவர அரிதாகி வருகிறது. இருக்கிற பாகத்தை அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அணையும் வாய்க்காலும்

கடிகாரத்தின் வயிற்றில் சிறு வட்டமான டப்பி ஒன்று இருக்கிறது. ஓர் அடிக்குச் சற்று ஏறத்தாழ நீளமும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமும் உள்ள எஃகுப் பட்டை ஒன்று அதற்குள் சுருண்டு கிடக்கிறது. இதுவே மெயின் ஸ்பிரிங். நாம் குமிழைத் திருகும்போது இது நடு அச்சைச் சுற்றி இறுகுகிறது. இறுகிய பட்டை திரும்பவும் விரிய முயல்வதால் டப்பி மெல்லச் சுழல்கிறது. டப்பியின் பற்கள் ஒரு சக்கரத்தைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, இப்படியே வரிசையாகப் போய்க் கடைசியில் பாலன்ஸ் சக்கரத்தை இங்குமங்கும் ஆட்டுகிறது. சாதாரணமாகப் பழைய கடிகாரங்களில் இந்த ஆட்டம் ஒரு மணிக்கு 18,000. அதாவது விநாடிக்கு ஐந்து, ஒரு நாளைக்கு நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.

நம் ஜில்லாவாசிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மேட்டூர் அணையில் தண்ணீர் தேங்குகிறது. கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் என்று சிறுத்துச் சிறுத்து, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் ஒரு முழ அகலத்தில் வயலுக்குள் நுழைகிறது. கடிகாரத்தில் மெயின் ஸ்பிரிங்தான் மேட்டூர். சக்கர வரிசை ஆறும் வாய்க்காலும். பாலன்ஸ் சக்கரம் கடைமடை.

கடைமடைக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டப்பி ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையின் கடைசியில் இருக்கும் பதினைந்து பல் சக்கரமோ நிமிஷத்துக்குப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறது. டப்பியின் ஒரு சுற்றுக்கு அது 4,200 சுற்று. வேகம் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவுக்கு விசை குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆகவே ஸ்பிரிங்கில் உள்ள விசையில் நாலாயிரத்தில் ஒரு பங்கு கூட முழுசாக அங்கே போய்ச் சேருவதில்லை. அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெய் உலர்ந்து பிசினானாலும், ஒரு நூல் இழை விழுந்தாலும் போதும்; கடைமடை காய்ந்துவிடும்.

கடைமடையில் பயிர் வாடினால் விவரம் தெரிந்த மிராசுதார் என்ன கேட்பார்? "அணை நிரம்பவில்லையா? அல்லது அணை நிரம்பியும் வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா?" என்றுதானே கேட்பார்? மேட்டூரில் 120 அடி தண்ணீர் நின்றாலும், தூர் வாராத வாய்க்காலில் அது கடைமடைக்கு வந்து சேராது. கடிகாரத்தைக் குறித்தும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே: விசை சேரவில்லையா, சேர்ந்த விசை வழியில் கரைகிறதா? முதலாவதானால் குற்றம் ஸ்பிரிங்கிலோ, சாவி கொடுக்கும் ஏற்பாட்டிலோ இருக்கிறது. இரண்டாவதானால் ஸ்பிரிங்கின்மேல் பழி போடுவது அநியாயம்.

நூறு நாழிகை எதற்கு?

"நாங்கள்தான் தினந்தோறும் சாவி கொடுக்கிறோமே, இருபத்தைந்து மணி நேரம் ஓடினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. நல்ல நிலையில் உள்ள கைக்கடிகாரம் சுமார் 40 மணி, நம் முன்னோர் கணக்கில் நூறு நாழிகை, ஓடவேண்டும். மறதிக்காரர்களுக்காக மட்டும் ஏற்பட்ட சலுகையல்ல அது. ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை உண்டு என்று ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678-ம் ஆண்டில் எழுதிவைத்தார். இறுக்கம் குறையக் குறைய விசையும் குறையும். பாலன்ஸ் சக்கரத்தின் ஆட்டமும் சுருங்கும். ஆட்டம் மிகவும் சுருங்கினால் நேரம் தவறும். நாற்பது மணி ஓடக்கூடிய கடிகாரத்துக்கு இருபத்துநான்கு மணிக்கு ஒரு தரம் சாவி கொடுத்தால், அது எப்போதும் விசை நிறைந்த பகுதியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இருபத்தைந்து மணியே ஓடும் கடிகாரம் ஒவ்வொரு நாள் விடியற்காலையும் குற்றுயிராகக் கிடக்கிறது. நிற்கவில்லை என்பதனால் அது சரியாக இருக்கிறது என்று சொல்லமுடியாது.

இரண்டு தடவைப் பரீட்சை

வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். பென்சிலும் காகிதமும் தவிர வேறு கருவி வேண்டாம்.

கடிகாரத்துக்கு முழுச் சாவி கொடுங்கள். குமிழ் இனித் திரும்பாது என்று தானாக நிற்கும் வரை மெதுவாகத் திருகவேண்டும். "அதிகச் சாவி கொடுத்ததனால் நின்றுபோயிற்று" என்று சொல்வது வழக்கம். நின்ற கடிகாரங்களில் பெரும்பாலானவை முழுச் சாவியோடு நின்றவை என்பதுதான் அந்தக் கதையின் மூலம். நிறுத்தியது சாவியல்ல, உள்ளே இருக்கும் அழுக்கு. குமிழ் நின்ற பிறகும் பலவந்தமாகத் திருகாமல் இருந்தால் போதும். ஆட்டோமேடிக் கடிகாரத்தில் அப்படி நிற்கும் இடம் கிடையாது. நாற்பது சுற்றுத் திருகினால் தாராளம். ஸீக்கோ 5 வகையில் பலவற்றுக்குக் குமிழால் சாவி கொடுக்கவே வழியில்லை; அவற்றை ஒரு முழுப் பகல் நன்றாக நடமாடும் கையில் கட்டியிருந்து பிறகு கழற்றவேண்டும்.

சாவி கொடுத்த நேரத்தை எழுதிக்கொண்டு, முகப்பு மேலே இருக்கும்படி கடிகாரத்தை மேஜைமேல் படுக்க வையுங்கள். கண் விழித்துக் காவல் காக்க வேண்டியதில்லை. கடிகாரம் தான் நின்ற நேரத்தைத் தானே காட்டிக்கொண்டுதான் நிற்கும். காலை, மாலை இரண்டு வேளையும் பார்த்து வந்தால் அது பகல் மணியா, இரவு மணியா என்பது தெரிந்துவிடும். எத்தனை மணி ஓடிற்று என்று கணக்கிட்டு எழுதுங்கள். மறுபடி முழுச் சாவி கொடுத்து, இந்தத் தடவை குமிழ் கீழே இருக்கும்படி, ஒரு புஸ்தகத்தில் சாய்த்து நிற்க வைத்துப் பாருங்கள்.

இப்போது கணக்கைப் படிக்கலாம்.

மேஜைமேல் நாற்பது மணி ஓடுகிற ஆட்டோமேடிக், கையில் கட்டியிருந்து ராத்திரி கழற்றினால் விடியுமுன் நிற்கிறதா? ஸ்பிரிங்கும் சக்கரங்களும் குற்றமற்றவை. கையசைவினால் சாவி ஏறும் பாகத்தில் பழுது இருக்கவேண்டும். அல்லது கையில் போதிய அசைவு இல்லை. நாற்காலியில் அமர்ந்து பேரேடு எழுதுபவரின் கை, நாற்று நடுபவரின் கையைப்போல ஆடுமா? காலையில் பதினைந்து சுற்றுக் குமிழைத் திருகிவிட்டுக் கட்டிக்கொண்டால் தீரக்கூடிய வியாதி இது. கையில் கட்டியிருக்கும் மணி நேரத்தையும் அதிகப்படுத்திப் பார்க்கலாம்.

தேதி காட்டும் கடிகாரம், எப்போது சாவி கொடுத்தாலும் நள்ளிரவை ஒட்டியே நிற்கிறதா? தேதித் தகட்டைத் தள்ளும் வேலை அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஏற்கெனவே இளைத்திருக்கும் விசைக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. எம்மோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரின் கடிகாரம் இப்படித்தான் தினமும் பன்னிரண்டரைக்கு நின்றுகொண்டிருந்தது. அதற்குப் புது ஸ்பிரிங் தேவைப்படவில்லை. தேதித் தகட்டின் அடியில் இறுகியிருந்த பழைய எண்ணெயைத் துடைத்ததோடு சரியாகிவிட்டது. ஜனதாவில் தேதியே கிடையாதாகையால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

சாவி கொடுக்கும் கடிகாரத்தில் எவ்வளவு திருகினாலும் குமிழ் நிற்காமல் சுழல்கிறதா? ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது அதன் நுனி கொக்கியிலிருந்து நழுவுகிறது. இங்கே ஸ்பிரிங் குற்றவாளிதான், சந்தேகமில்லை.

குமிழ் சரியாக நிற்கிறது, ஆனாலும் இருபது மணிக்குமேல் ஓடவில்லை. படுக்கையில் ஓடுவதைவிட நிற்க வைத்தால் வெகுவாகக் குறைகிறது. இப்படியானால் சக்கர வரிசையில் உராய்வு என்று சந்தேகிக்கலாம். ஆனால் இதைத் தீர்மானிக்க வேண்டியவர் ரிப்பேர்க்காரர். அவர் செய்யக்கூடிய சோதனை மிக எளிது. கடிகாரம் தானாக நின்ற பிறகு, அதற்குச் சாவி கொடுக்காமல், ஆட்டாமல் அப்படியே அவரிடம் எடுத்துப்போக வேண்டும். பின்மூடியைத் திறந்து, சாவி திரும்பிப் போகாமல் தடுத்து நிற்கும் சிறு கொண்டியை அவர் விலக்கி, மிச்சமிருக்கும் விசையை மெதுவாக இறக்கிப் பார்ப்பார். குமிழ் அவர் விரலுக்குள் பல சுற்றுப் பின்னோக்கிச் சுழன்றால் அணையில் தண்ணீர் இருந்திருக்கிறது என்று அர்த்தம். விசை இருந்தும் கடிகாரம் நின்றிருக்கிறது, வாய்க்கால் தூர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு சுற்றோடு ஓய்ந்துவிட்டால் அணையே வறண்டிருக்கிறது. ஸ்பிரிங் உண்மையிலேயே தளர்ந்ததோ, தவறான அளவுள்ளதோ ஆகும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும். இதைச் செய்யாமல் "ஸ்பிரிங் மாற்று" என்பது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்குச் சமானம்.

வலுவான ஸ்பிரிங் என்னும் மயக்கம்

எல்லாவற்றையும் விட ஆபத்தான யோசனை ஒன்று உண்டு. "சற்று கனமான ஸ்பிரிங்காகப் போட்டுவிட்டால் நன்றாக ஓடும்" என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கணக்கோ வேறு விதமாகச் சொல்கிறது.

பட்டையின் கனம் கூடினால் விசை அதன் மும்மடியில் கூடும். கனம் பத்தில் ஒரு பங்கு அதிகமானால் விசை மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிறது. ஆனால் டப்பியில் இடம் அளவானது. நடு அச்சுக்குப் போக மீதி இடத்தில் பாதியை ஸ்பிரிங் அடைத்துக்கொண்டு, பாதி வெறுமையாக இருந்தால்தான் அதிகபட்சச் சுற்றுக்கள் கிடைக்கும். அந்த அளவுக்குள் கனமான பட்டையைச் சுருட்டினால் அதன் நீளத்தைக் குறைக்கவேண்டும், சுற்றுக்களும் குறையும். நாற்பது மணி ஓடவேண்டிய கடிகாரம் முப்பத்தாறு மணிக்கு இறங்கிவிடும். நீளத்தைக் குறைக்காமல் திணித்தால் இன்னும் மோசம். அடைத்துவிட்ட டப்பிக்குள் பட்டை விரிய இடமே இராது.

அப்படியிருந்தும் கனமான ஸ்பிரிங் போட்ட சில மாதங்கள் கடிகாரம் குணமானதுபோல் தோன்றுவது உண்டு. தூர்ந்த வாய்க்காலில் தண்ணீரை அதிகமாகத் திறந்துவிட்டாலும் சில நாள் கடைமடை நனையத்தானே செய்யும்? பிறகு கரை உடைகிறது. கடிகாரத்திலும் அப்படியே. உலர்ந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து அரத்தூளைப்போல் ஆகியிருக்கும். அதிக விசையோடு அதன்மேல் சுழலும் அச்சுமுனைகள் அரைபட்டுத் தேய்கின்றன. ஜனதாக் கடிகாரத்தில் பதினேழு கல் உண்டு. கல் கெட்டியானது, எளிதில் தேயாது. அதனுள் சுழலும் எஃகு முனைதான் தேயும். எமது நண்பர் ஒருவரின் கடிகாரம் புது ஸ்பிரிங்கோடு ஆறு மாதம் ஓடிற்று. ஏழாவது மாதம் பழையபடி நின்றது. திறந்து பார்த்தபோது இரண்டு சக்கரங்களின் முனைகள் கெட்டிருந்தன. துடைத்து எண்ணெய் இடுவதோடு முடிந்திருக்கவேண்டிய காரியம், கிடைக்காத சக்கரங்களைத் தேடி அலைவதில் முடிந்தது.

ரிப்பேர்க்காரரிடம் என்ன கேட்பது?

நமது ஊர்களின் கடைத்தெருக்களில், ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு குனிந்திருக்கும் கடிகாரக்காரர்கள் வரவரக் குறைந்துவருகிறார்கள். பாட்டரி மாற்றுவதும் வார் மாற்றுவதும்தான் இப்போது அவர்கள் பிழைப்பாக இருக்கிறது. அவர்களிடம் மரியாதையாகவும் விவரமாகவும் பேசினால், அவர்களுக்கும் பழைய வித்தையைக் காட்ட உற்சாகம் பிறக்கும். "நின்றுபோகிறது, பாருங்கள்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "முழுச் சாவியில், படுக்கையில் இருபத்திரண்டு மணி, நிற்க வைத்தால் பதினேழு மணி" என்று உங்கள் சீட்டைக் காட்டுங்கள். மிச்ச விசையை உங்கள் முன்னிலையில் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். துடைப்பதானால் மேலோடு எண்ணெய் தெளிக்காமல், எல்லாப் பாகத்தையும் கழற்றிக் கழுவவேண்டும் என்றும், டப்பியையும் திறந்து ஸ்பிரிங்கைத் துடைக்கவேண்டும் என்றும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். புது ஸ்பிரிங் அவசியம் என்று ஏற்பட்டால், உயரம், கனம், நீளம் மூன்றும் அந்த இயந்திரத்துக்கு உரிய அளவாகவே இருக்கவேண்டும். கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டைம்கிராபர் என்னும் கருவி அவரிடம் இருந்தால் இன்னும் விசேஷம். கடிகாரத்தின் டிக்-டிக் ஓசையைக் கேட்டு, பாலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்று அது காட்டும். முழுச் சாவியில் படுக்கை நிலையில் 270-ஐ ஒட்டியோ, அதற்கு மேலோ இருந்தால் ஆரோக்கியம். ஒரு நாள் கழித்துப் பார்க்கையிலும் 200-க்குக் கீழே இறங்கலாகாது.

நமது பிரதேசத்தில் இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். வியர்வையும், கடலோர ஊர்களின் உப்புக் காற்றும், அறுவடைக் காலத்துக் களத்துத் தூசியும் குமிழின் ஓரமாகவே உள்ளே புகுகின்றன. குமிழில் உள்ள ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தால் மாற்றிவிடவேண்டும். அடிக்கடி கட்டும் கடிகாரத்தை ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு தரம் துடைப்பது நல்லது. பெட்டியில் கிடந்தாலும் எண்ணெய் உலரத்தான் செய்யும். ஆகவே பல வருஷம் கிடந்த கடிகாரத்தை எடுத்தவுடன் கட்டிக்கொண்டு ஓட்டக்கூடாது.

"மணி பார்க்கச் செல்போன் இருக்கிறது, இத்தனை சிரமம் எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மணி பார்ப்பதற்காக மட்டும் என்றால் தேவையில்லைதான். ஆனால் முப்பது வருஷம் ஒருவர் மணிக்கட்டில் இருந்து அவர் பள்ளிக்கும் ஆபீசுக்கும் போய்வந்த கணக்கையெல்லாம் பார்த்த சாமான், நாலு துளி எண்ணெய்க்கு வழியில்லாமல் பழைய இரும்போடு போவது நியாயமாகாது. மார்க்கெட்டில் "புத்தம் புதியது" என்று விற்கும் பழைய கடிகாரங்களில் பல, நாலைந்து கடிகாரங்களின் பாகங்களைக் கோத்துப் புது முகப்பு அச்சிட்டவை. உங்கள் வீட்டில் இருப்பதோ, எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்த கடிகாரம்.

இன்று இரவே அதை எடுத்து மேலே படிந்த தூசியைத் துடையுங்கள். சமீபத்தில் ஓடிக்கொண்டிருந்ததானால் முழுச் சாவி கொடுத்துப் பரீட்சையைத் தொடங்கலாம். நெடுநாள் கிடந்ததானால் முதலில் கடிகாரக்காரரிடம் கொண்டுபோங்கள். எத்தனை மணி ஓடிற்று, எந்தத் தேதியில் துடைத்தது, என்ன பாகம் மாற்றியது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கடிகாரத்தோடு கூடவே வைத்துவிடுங்கள். பின்னொரு காலத்தில் உங்கள் பெண்ணோ பிள்ளையோ அதைத் திறக்கும்போது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அந்தச் சீட்டு அவர்களுக்குச் சொல்லும்.